ஒரே நாளில் பறித்த இலைகள்

கண்ணா, ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "அது பழைய கதப்பா, விடு" என்று சொல்லிவிட்டு, மண்டபத்துக்காரர் பேசினாரா, பத்திரிகை அச்சாகிவிட்டதா என்று பேச்சை மாற்றினேன். நீயும் விட்டுவிட்டாய். ஆனால் போனை வைப்பதற்கு முன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தாய். அந்தக் கொஞ்ச நேரம்தான் மூன்று நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. அனிதாவின் அண்ணன் யானைக்கவுனிக் கடையில் உட்கார்ந்தபடி, மாப்பிள்ளையின் அம்மா பெரிய ஆராய்ச்சியாளராமே என்று ஆசையாக என் பெயரை இணையத்தில் தேடியிருக்கிறார். முதலில் வந்தது அந்தக் கட்டுரை. அதன் தலைப்புக்கு மேலே சிவப்பு எழுத்தில் 'திரும்பப் பெறப்பட்டது' என்று போட்டிருக்கிறது. அவர் அதை அனிதாவுக்கு அனுப்ப, அவள் உனக்கு அனுப்ப, நீ பெங்களூரிலிருந்து எனக்கு அனுப்பினாய். "இன்னாம்மா இது? நீ எதுனா தப்பு பண்ணியா?" என்று கேட்டாய். ஊரைவிட்டுப் போய் ஆறு வருடமாகிறது, ஆபீசில் வேறு தமிழ் பேசுகிறாய். மனம் கலங்கும்போது மட்டும் உனக்குத் திருவொற்றியூர் வந்துவிடுகிறது.

தப்புப் பண்ணினேன். ஆனால் அந்தச் சிவப்பு எழுத்து சொல்வது அந்தத் தப்பை அல்ல. அது எந்த இணையத்திலும் இல்லை. நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய். இனி உன்னை ஒருத்தி முழுதாக நம்பி இருக்கப் போகிறாள். நான் அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிறேன். இதைச் சொல்ல இதைவிட நல்ல சமயம் வராது என்று தோன்றுகிறது.

நீ ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது உன் அம்மா என்ன வேலை செய்கிறாள் என்று டீச்சர் கேட்டதற்கு, "இலைய அரைக்கிறாங்க" என்று சொன்னாயாம். அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பார். நீ சொன்னது சரிதான். ஒரு மரத்தின் இலையிலும் வேரிலும் பூவிலும் இருப்பவை ஒரே மரபணுக்கள்தான். ஆனால் எல்லாம் எந்நேரமும் வேலை செய்வதில்லை. உப்பு ஏறினால் சில விழிக்கும், நிழல் விழுந்தால் சில அடங்கும். விழித்த மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. என்ற நகல்கள் உண்டாகும். அந்த நகல்களைப் பார்த்துத்தான் செல் தனக்கு வேண்டிய புரதங்களைச் செய்துகொள்ளும். ஓர் இலையைப் பறித்து, அந்த நிமிடமே திரவ நைட்ரஜனில் உறையவைத்து, ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் அரைத்து, எந்த மரபணுவின் நகல் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால், பறித்த நேரத்தில் அந்த மரம் எதைச் சமாளித்துக்கொண்டிருந்தது என்று தெரிந்துகொள்ளலாம். 'பறித்த நேரத்தில்' என்ற இந்தச் சொல்லை நான் எத்தனையோ வகுப்புகளில் அழுத்திச் சொல்லியிருக்கிறேன். மாணவர்களும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

எண்ணூர்க் கழிமுகத்தில் உள்ள அலையாத்தி மரங்களைத்தான் அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தேன். நான் பிறந்த குப்பம் அந்தத் தண்ணீரின் ஓரத்தில்தான் இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். என்னோடு படித்தவர்கள் நெல்லையும் கடுகுச் செடியையும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு வேறு மரம் தோன்றவில்லை. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து சேறே நிறம் மாறிப்போன கரை ஒன்று குப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதிகம் கெடாத இன்னொரு கரை வடக்கே தள்ளி இருக்கிறது. இரண்டிலும் ஒரே வகை மரம். இரண்டு கரை இலைகளுக்குள்ளும் என்ன வித்தியாசம் என்று பார்ப்பதுதான் வேலை. என் அண்ணன், உன் தேசப்பன் மாமாதான் படகு ஓட்டினார். என்னோடு கலைவாணி வந்தாள். அவளை நீ ஒன்றிரண்டு தடவை நம் வீட்டில் பார்த்திருப்பாய். மீஞ்சூரிலிருந்து மின்சார ரயிலில் வரும் மெலிந்த பெண், என்னிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தாள். முதல் நாள் நைட்ரஜன் குடுவையைத் திறந்ததும் வெள்ளைப் புகை படகின் விளிம்பில் வழிந்ததைப் பார்த்து மாமா, "இன்னாம்மா இது, ஐஸுகூட இப்டி பொகைய வுடாதே! இத்த வெச்சு மீன அடுக்கினா சிங்கப்பூர் வரிக்கும் போவுமே" என்றார். கலைவாணி சிரித்த சிரிப்பில் குடுவை கையிலிருந்து நழுவப் பார்த்தது.

விடியற்காலையில் கிளம்புவோம். தூரத்துக் கரைக்கு முதலில் போய்விட்டு, திரும்பும் வழியில் சாம்பல் கரையில் நிறுத்துவோம். மூன்று பருவங்களில் மூன்று முறை போனோம், மூன்று முறையும் அப்படித்தான். தூரத்துக் கரையில் இலை பறிக்கும்போது பனி ஈரம் இருக்கும். சாம்பல் கரைக்கு வரும்போது தலைக்கு மேல் வெயில். இரண்டாவது முறை மாமா துடுப்பைச் சேற்றில் ஊன்றிக்கொண்டு, "ஏம்மா, அங்க எடுக்கும்போது காலைல. இங்க வரும்போது வெயிலு மண்டைய பொளக்குது. எலயே தொவண்டு போயி கீது பாரு. ரெண்டும் ஒண்ணாவுமா?" என்று கேட்டார். நான் குனிந்து பெயர்ச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அதெல்லாம் கணக்குல வெச்சிகினுதான்ணா பண்றோம்" என்றேன். வைத்துக்கொள்ளவில்லை. அந்த நிமிடம் எனக்கு இருந்தது அவசரமா, அண்ணனுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்ற நினைப்பா என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். இரண்டாவதுதான். படிக்காத அண்ணன், படித்த தங்கை. நான் மீன்காரர் வீட்டுப் பெண் என்று மேடையில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். படகில் அந்த மீன்காரர் பேசினால் காதில் வாங்கமாட்டேன்.

முடிவு வந்தபோது நானே நம்பவில்லை. ஒரு மரபணு தூரத்துக் கரையில் அடங்கிக் கிடந்தது, சாம்பல் கரையில் பல மடங்கு ஏறியிருந்தது. மூன்று முறையும் அப்படியே. கட்டுரை எழுதினோம். 'இரண்டு இடத்து இலைகளும் ஒரே நாளில் பறிக்கப்பட்டவை' என்று அதில் ஒரு வரி. அது உண்மை. எழுதும்போது அதில் எதையும் மறைப்பதாக எனக்குத் தோன்றவுமில்லை. படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுத்தவர்களும் எத்தனை மணிக்கு என்று கேட்கவில்லை. கட்டுரை வெளியானதும் குப்பத்தில் திருவிழாதான். கழிமுகம் கெட்டுப்போகிறது என்று ஊர்க்காரர்கள் அதிகாரிகளிடம் கொடுத்திருந்த மனுவில் அதையும் சேர்த்தார்கள். அதுவரை அவர்கள் மீன் குறைந்தது, இறால் இல்லை, கையெல்லாம் அரிக்கிறது என்று சொன்னால், எதிரே இருப்பவர்கள் ஆதாரம் எங்கே என்பார்கள். இப்போது ஆதாரம் இருந்தது. அதை எழுதியது அவர்கள் வீட்டுப் பெண். உன் மாமி எனக்காக வஞ்சிரம் வறுத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறி நம் வீட்டுக்கு வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும்.

நான்காவது முறை போனது தற்செயல்தான். இன்னும் சில இலைகள் வேண்டியிருந்தன. அன்று குப்பத்திலிருந்து கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே என்ஜின் விசிறியில் யாரோ எறிந்த நைலான் வலைத்துண்டு சுற்றிக்கொண்டது. மாமா தண்ணீரில் இறங்கி அதை அறுத்துக்கொண்டிருந்தார். நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று பக்கத்திலிருந்த சாம்பல் கரையில் முதலில் பறித்துக்கொண்டோம். தூரத்துக் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். ஒரு வாரம் கழித்துக் கலைவாணி முடிவை எடுத்துக்கொண்டு வந்தாள். எல்லாம் தலைகீழாக இருந்தது. சாம்பல் கரையில் மரபணு அடங்கியிருந்தது, நல்ல கரையில் ஏறியிருந்தது.

எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். ஆனால் என் வாயில் முதலில் வந்தது, "லேபிள மாத்தி ஒட்டிட்டியா?" என்பதுதான். அவள் இல்லை என்றாள். நான் மறுபடி கேட்டேன். "இல்ல மேடம், நான் ஒண்ணொண்ணா பாத்துத்தான் எழுதினேன்" என்றாள். மற்ற மாணவர்கள் இருந்த அறை அது. "பாத்து எழுதினா இப்டி வராதும்மா. படகுல ஆடி ஆடி வந்ததுல குழப்பிட்ட. பரவால்ல, தூக்கிப் போட்டுடு" என்றேன். பெருந்தன்மையாகச் சொன்னதாக எனக்கு நினைப்பு. அவள் அந்தக் குழாய்களை எடுத்துக்கொண்டு போனாள். அன்று மாலை ஆய்வகத்தின் மூலையில் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பீக்கர் கழுவியதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆனால் மாமா சொன்ன வெயில் தலைக்குள் புகுந்துகொண்டது. இரண்டு வாரம் கழித்து, யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் விடுப்புப் போட்டேன். மாமாவைக் கூப்பிட்டுக்கொண்டு தூரத்துக் கரையில் ஒரே மரத்தின் பக்கத்தில் படகைக் கட்டினேன். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை இரண்டு மணிக்கு ஒரு தரம் இலை பறித்தேன். மாமா குடை பிடித்தார், கட்டுச்சோறு சாப்பிட்டோம், கொஞ்ச நேரம் அவர் தூங்கினார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த இலைகளை நானே அரைத்தேன், நானே அளந்தேன். காலையில் தாழ்ந்து கிடந்த மரபணு வெயில் ஏற ஏற ஏறி, மத்தியானம் உச்சிக்குப் போய், மாலையில் இறங்கியது. சாம்பலே படாத மரம் அது. ஆக, நான் மூன்று பருவமாக அளந்தது சாம்பலை அல்ல, மணியை.

இதுவரை சொன்னது தெரியாமல் நடந்த தவறு. இனிச் சொல்லப்போவதுதான் தப்பு. அந்த வரைபடத்தை மடித்து மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். நான்கு மாதம் வாய் திறக்கவில்லை. காரணம் கேட்டால் நிறையச் சொல்வேன். கழிமுகம் கெட்டுப்போனதை ஊரே கண்ணால் பார்க்கிறது, என் கட்டுரை தவறாக இருந்தாலும் அது சொல்வது சரிதானே என்று எனக்கு நானே வாதாடினேன். இன்னும் சில சோதனைகள் செய்துவிட்டுச் சொல்லலாம் என்றேன். செய்யவில்லை. குப்பத்து முகங்கள் நினைவுக்கு வந்தன. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது வெட்கம்தான். இருபது வருடம் மற்றவர்கள் கட்டுரையில் குறை கண்டுபிடித்த எனக்கு, முதல் வருட மாணவி செய்யக்கூடிய தவறை நான் செய்தேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

அந்த நான்கு மாதத்தில் நடந்த இரண்டு காரியங்களை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, ஒரு கல்யாண மண்டபத்தில் அதிகாரிகள் கூட்டிய கூட்டம். குப்பத்துக்காரர் ஒருவர் எழுந்து என் கட்டுரையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, "இத்த எழுதினது எங்க வூட்டுப் பொண்ணு. தோ, அங்க குந்திகினு கீது" என்றார். கை தட்டினார்கள். நான் எழுந்து நின்று கும்பிட்டேன். இழுப்பறையில் அந்த வரைபடம் இருக்கிறது என்று தெரிந்தே கும்பிட்டேன்.

இன்னொன்று உன் சம்பந்தப்பட்டது. அப்போது நீ பதினோராம் வகுப்பு. பெண்டுலப் பரிசோதனையில் மூன்று நீளத்துக்குத்தான் அளந்துவிட்டு, மீதி ஏழையும் சூத்திரம் போட்டு நிரப்பியிருந்தாய். ரெக்கார்டு நோட்டை நான் புரட்டிப் பார்த்தபோது எல்லாப் புள்ளியும் ஒரே நேர்க்கோட்டில் இருந்தது. கேட்டதும் ஒத்துக்கொண்டாய். நான் அந்தப் பக்கத்தைக் கிழித்து உன் முன்னால் போட்டு, "அளக்காதத அளந்ததா எழுதுவியா? உனக்கு வெக்கமா இல்ல?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். ஹார்பரில் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்த உன் அப்பா, "வுடு, புள்ள அழுவுது" என்று நடுவில் வந்தார். நீ கிழிந்த பக்கத்தைப் பொறுக்கி எடுத்து ஒட்டிக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகு நீ எந்தப் பரிசோதனையையும் ஏமாற்றிச் செய்யவில்லை என்று பெருமையாக ஒருமுறை என்னிடம் சொன்னாய். அன்றைக்கு நான் கத்தியது உன்னைப் பார்த்து அல்ல, கண்ணா. அந்தக் கத்தலுக்கு உரியவள் நான். இவ்வளவு வருடம் அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்காமல் இருந்துவிட்டேன். இப்போது கேட்கிறேன்.

கடைசியில் வாயைத் திறக்க வைத்தவள் கலைவாணி. ஒரு மத்தியானம் என் அறைக்கு வந்து, "மேடம், என் தீசிஸ்ல மூணாவது சேப்டருக்கு இந்த ஜீனையே எடுத்துக்கட்டுமா? முழுசா பாக்க ரெண்டு வருஷம் ஆகும். ஆனா நல்லா வரும்னு தோணுது" என்றாள். "எடுத்துக்கோம்மா" என்றேன். அவள் நன்றி சொல்லிவிட்டுக் கதவு வரை போனாள். ஒரு பெண்ணின் இரண்டு வருடம் அந்தக் கதவைத் தாண்டப் போவது எனக்குத் தெரிந்தது. "இரு, உள்ள வா, உக்காரு" என்றேன். இழுப்பறையைத் திறந்து வரைபடத்தை எடுத்து அவள் முன்னால் விரித்தேன்.

அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கோடு மத்தியானத்தில் உச்சிக்குப் போகும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். "அப்போ அன்னிக்கு நான் லேபிள் மாத்தல" என்றாள்.

"மாத்தலம்மா."

"இது எப்ப எடுத்தீங்க மேடம்?"

வரைபடத்தின் மூலையில் நானே தேதி எழுதியிருந்தேன். அவள் அதைப் பார்த்து மனதுக்குள் எண்ணினாள். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாள். "நாலு மாசமா நான் ஒவ்வொரு ட்யூபையும் ரெண்டு தடவ போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டு இருக்கேன் மேடம். எழுதினது சரிதானான்னு எனக்கே சந்தேகம். வீட்டுக்குப் போனதும் எடுத்து எடுத்துப் பாப்பேன். உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் என்னப் பாத்துக்கிட்டே இருந்தீங்க."

கண்ணா, என் வாழ்க்கையில் யார் யாரோ என்னைத் திட்டியிருக்கிறார்கள். குப்பத்துப் பெண்ணுக்கு எதற்குக் காலேஜ் என்று கேட்டவர்கள் உண்டு. எதற்கும் நான் தலை குனிந்ததில்லை. அன்று குனிந்தேன். ஒரு தவறான அளவு காகிதத்தில் இருந்தால் அதை அடித்துத் திருத்தலாம். நான் அந்தப் பெண்ணுக்குத் தன் கண்மேலும் கைமேலும் இருந்த நம்பிக்கையை எடுத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் "சரி மேடம்" என்றாள். 'பரவாயில்லை' என்று சொல்லவில்லை. சொல்லாதது நியாயம்தான். அன்று மாலையே கட்டுரையைத் திரும்பப் பெறக் கடிதம் எழுதினேன். இலைகள் பறிக்கப்பட்ட மணி வேறு, அதைக் கவனிக்காதது என் பொறுப்பு, மாணவியின் பொறுப்பு அல்ல என்று எழுதினேன். நீ பார்த்த சிவப்பு எழுத்து அப்படி வந்தது. மறுநாள் ஆய்வகத்தில் எல்லோரையும் கூப்பிட்டு, கலைவாணி லேபிளை மாற்றவில்லை என்றும் சொன்னேன். அந்த நேரத்தில் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எண்ணூருக்குப் போனேன். மாமா கரையில் வலையிலிருந்து நண்டு எடுத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். நண்டின் காலை விடுவித்துக்கொண்டே கேட்டார், "அப்போ ஆத்துக்கு ஒண்ணியும் ஆவலன்றியா?"

"ஆவலன்னு சொல்லலண்ணா. ஆச்சுன்னு நான் காட்டின ஆதாரம் தப்பு. அந்த மரத்துக்கு ஆச்சா, ஆவலியான்னு எனக்கு இன்னும் தெரியாது."

"தெரியாதுன்றதுக்கும் ஆவலன்றதுக்கும் நடுவுல எவ்ளோ தூரம் கீதுன்னு உனக்குப் புரியுது. அவனுங்களுக்குப் புரியுமா?" என்று ஊரைப் பார்த்துத் தலையசைத்தார். புரியவில்லை. ஊர்க்கூட்டத்தில் நான் எழுந்து சொன்னேன். ஒருவர், "இன்னாம்மா, வெல போயிட்டியா?" என்றார். அன்றைக்குக் கை தட்டிய அதே ஆட்கள்தான். மாமாதான் எழுந்தார். "ஏய், வாய அடக்கு. வெல போறவ இப்டி ஊரு நடுவுல வந்து நின்னுகினு தப்பு பண்ட்டேன்னு சொல்லுவாளா?" என்றார். வெளியே வந்ததும் என் பக்கம் திரும்பி, "எனக்கும் கோவம் கீது. நான் படகுல சொன்னேன்ல, வெயிலு வெயிலுன்னு? நீ காதுலயே வாங்கல" என்றார். ஆறு மாதம் அவர் நம் வீட்டுக்கு வரவில்லை. வேலை நெருக்கடி என்று உனக்குச் சொன்னேன். அது இல்லை.

திரும்ப வந்தபோது அவரே இரண்டு படகுக்கு ஏற்பாடு செய்திருந்தார். ஒன்றில் நான், இன்னொன்றில் ஆய்வகத்துப் பையன் ஒருவன். போனில் பேசிக்கொண்டு இரண்டு கரையிலும் ஒரே நிமிடத்தில் இலை பறித்தோம். அந்த மரபணுவில் வித்தியாசம் இல்லை. ஆனால் மாமா, "எலய மட்டும் பாத்துகினு இருந்தா எப்டி? வேர்ல கீற சேத்தயும் பாரு, நாத்தமே வேற மாரி கீது" என்றார். இந்த முறை காதில் வாங்கினேன். வேரைச் சுற்றியுள்ள சேற்றில் வாழும் பாக்டீரியாக்களை ஆராய்ந்தோம். உலோகங்களைச் சமாளிக்க அவற்றுக்கு உதவும் சில மரபணுக்கள் சாம்பல் கரையில் கொஞ்சம் அதிகமாக வேலை செய்துகொண்டிருந்தன. கொஞ்சம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் அதே முடிவு வந்தது. அதைக் கட்டுரையாக எழுதினேன். யாரும் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கவில்லை. குப்பத்து மனுவிலிருந்து என் பழைய கட்டுரையை எடுத்துவிட்டார்கள், தாங்களே தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுத்து, அந்த அறிக்கையை வாங்கிச் சேர்த்தார்கள். அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. யாரும் ஜெயிக்கவில்லை, யாரும் விட்டுவிடவும் இல்லை.

கலைவாணி வேறு பேராசிரியரிடம் மாறிக்கொண்டாள். பட்டம் வாங்க இரண்டு வருடம் தாமதமானது. இப்போது ஒரு கல்லூரியில் கற்பிக்கிறாள். உன் கல்யாணப் பத்திரிகை கொடுக்க நேற்று மீஞ்சூர் போனேன். காபி கொடுத்தாள். "வர்றேன்னு இப்ப சொன்னா அது சும்மா சொல்றதா ஆயிடும் மேடம். அன்னிக்கு காலைல எனக்கு என்ன தோணுதோ பாக்கறேன்" என்றாள். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. வந்தால் நீ அவளிடம் தனியாகப் போய் இரண்டு வார்த்தை பேசு. வராவிட்டால் அதைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்காதே.

அனிதாவின் அண்ணனுக்கு என்ன சொல்வது என்று நீ தவித்துக்கொண்டிருப்பாய். எனக்காக வாதாடாதே. "ஆமாம், அது எங்கம்மாதான், அவங்களேதான் திரும்ப வாங்கிக்கிட்டாங்க" என்று மட்டும் சொல், அது போதும். ஆனால் அனிதாவிடம் இந்தக் கடிதத்தையே கொடுத்துவிடு. இந்த வீட்டுக்கு வரும் பெண் இந்த வீட்டில் என்ன நடந்தது என்று தெரிந்து வரட்டும். உனக்குச் சொல்ல எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. கல்யாண வாழ்க்கையில் நீயும் நிறையத் தவறாக அளப்பாய். ஒரு நாள் அவள் களைத்திருந்த நேரத்தில் சொன்ன வார்த்தையை வைத்து, அவள் எப்போதுமே அப்படித்தான் என்று முடிவு கட்டுவாய். எல்லோரும் கட்டுவோம். அது பெரிய குற்றமில்லை. உன் முடிவு தவறு என்று தெரியவரும் நாள் ஒன்று வரும். அன்றே சொல்லிவிடு. மறுநாள் சொல்வது கொஞ்சம் கடினமாக இருக்கும், அடுத்த வாரம் இன்னும் கடினம். நான்கு மாதம் போனால், நீ தப்பாக நினைத்தது அவளுக்கு வலிக்காது. தெரிந்தும் பேசாமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாயே, அதுதான் வலிக்கும்.

எழுதி முடித்ததை இன்னும் உனக்கு அனுப்பவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றது உன் அப்பாவுக்குத் தெரியும். இழுப்பறையும் அந்த நான்கு மாதமும் தெரியாது. மண்டபத்தில் நான் எழுந்து கும்பிட்டபோது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லோரையும்விடச் சத்தமாகக் கை தட்டியவர் அவர். காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போயிருக்கிறார். வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு கண்ணாடியைத் தேடுவார், எடுத்துக் கொடுத்து இதையும் கையில் கொடுக்கப் போகிறேன். அவர் மெதுவாகத்தான் படிப்பார். முடிக்கும்வரை நான் எழுந்து போகாமல் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். கேட் திறக்கும் சத்தம் கேட்கிறது.

உன் அம்மா